பாஞ்சாலையின் கை

மேஸ்திரி பிரபாகரனின் பிடரியில் பளாரென்று ஓர் அடி விழுகிறது. உப்புப் பாத்தியின் வரப்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். தலையில் உப்புக்கூடையோடு பாஞ்சாலை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள். “ஈ குந்தியிருந்திச்சு மேஸ்திரி” என்றதோடு சரி. நடையைக்கூட நிறுத்தவில்லை.

மரக்காணம் உப்பளத்தில் அந்தக் கையால் அடி வாங்காதவர்கள் குறைவு. யார் மேல் எது உட்கார்ந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. ஈ, கொசு, எறும்பு, வண்டு என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். ஓர் அடி, ஓர் இழுப்பு, புடவையில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஒருமுறை திண்டிவனம் போகிற பஸ்ஸில் கண்டக்டரின் காதோரம் ஒன்று வைத்தாள். “எறங்கற எடம் வந்தா வாயால சொல்லும்மா” என்று அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “கடிச்சா உங்களுக்குத்தானே வலிக்கும்” என்றாள்.

அடித்தது என்ன பூச்சி என்று கேட்டால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். “செத்ததப் பாத்து இன்னா பண்ணப் போறேன்?”

பதினாறு வருஷமாக உப்பு வாரிய கை அது. உள்ளங்கை முழுக்கக் காய்த்துப் போய், கொதிக்கிற பானையைத் துணியில்லாமல் இறக்கும். முள் குத்தினால் முள்தான் வளையும் என்று அவள் கணவன் கலியமூர்த்தி கேலி செய்வான். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. அதே கையால் பத்து வயது மகள் பூஜாவுக்கு அவள் தலை பின்னும்போது அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகும்.

புரட்டாசி மழை இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டதும் வீட்டுக்குள் பூச்சி மொய்த்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பூஜாவின் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. கை போய்விட்டது. அடியும் கொஞ்சம் பலம்தான், பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒண்ணுமில்ல கண்ணு, பூச்சி” என்று அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள் பாஞ்சாலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கன்னம் எரிகிறது என்று பூஜா சொன்னபோது அந்தப் பூச்சி யாருக்கும் நினைவில்லை.

திங்கட்கிழமை காலையில் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் மூக்கோரம் தொடங்கிக் காதுவரை மூன்று சிவந்த கோடுகள், கோடு நெடுகக் கொப்புளம். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த கலியமூர்த்தி எட்டிப் பார்த்தான். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

“கொழந்தய அடிச்சியா?”

அவளுக்கு அடித்தது ஞாபகத்தில் இல்லை, ஆனால் கன்னத்தில் இருந்தது விரல் தடம்தான். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தெருவே சேர்ந்து அது அக்கி என்று முடிவு செய்தது. பிரம்மதேசத்தில் அக்கிக்குக் காவி குழைத்து எழுதுகிற குயவர் தட்சணாமூர்த்தியிடம் கலியமூர்த்தியின் லோடு வண்டியிலேயே பிள்ளையைக் கொண்டுபோனார்கள். அவர் காவியைக் குழைத்துவிட்டு, பிள்ளையின் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

“அக்கி கொத்துக் கொத்தா வரும் தங்கச்சி. இது யாரோ இழுத்துவுட்டாப்ல இருக்குது. கண்ணாண்ட நான் எழுத மாட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போ.”

அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது தமிழ்நிலா என்கிற இளம் டாக்டர். கண்ணிமையை மெல்லப் பிரித்து விளக்கடித்துப் பார்த்தார். “ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி பூச்சி ஏதாவது மேல விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“பூச்சி தெனம் வுழுது மேடம். நான் அடிச்சிட்டுப் போயிக்கினே இருப்பேன்.”

“சனிக்கிழம என் கன்னத்துல அடிச்சியேம்மா” என்றாள் பூஜா.

“என்ன பூச்சி? பாத்தீங்களா?” என்றார் டாக்டர்.

பாஞ்சாலை வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் பூச்சி அடித்திருப்பாள், ஒன்றின் முகமும் தெரியாது.

“எனக்குச் சந்தேகம் ஒரு பூச்சி மேலதான். ஆனா அக்கியா இருந்து கண்ணுக்குள்ள போயிருந்தா மருந்தே வேற, பார்வைக்கே ஆபத்து. இன்னிக்கு லைட்டாண்ட பாருங்க. உடம்பு செவப்பும் கறுப்புமா எதனா வந்தா, கையால தொடாம, நசுக்காம ஒரு பாட்டில்ல பிடிச்சிட்டு வாங்க.” கழுவிவிட ஒன்றும் தடவ ஒன்றும் கொடுத்து அனுப்பினார்.

பார்வைக்கே ஆபத்து என்ற சொல் வீடு வரை அவளோடு வந்தது.

ஆறரை மணிக்கு டியூப்லைட்டைப் போட்டு, அதன் கீழே காலி ஊறுகாய் பாட்டிலோடு உட்கார்ந்தாள். பூஜாவை அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். ஈசல் வந்தது. பச்சையாய்த் தத்துகிற ஒன்று வந்தது. பெயர் தெரியாத என்னென்னவோ வந்து அவள் தோளில், கையில், நெற்றியில் உட்கார்ந்தன. அவள் அடிக்கவில்லை. அடித்தால் அதுவாக இருந்துவிடுமோ என்ற பயம். கை தானாக எழும்போதெல்லாம் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

ஏழரை வாக்கில் சுவரில் ஓர் எறும்பு போயிற்று. அவள் விட்டுவிட்டாள். ஆனால் அது எறும்பாக இல்லை. அரிசியை விடக் கொஞ்சம் நீளம். தலை கறுப்பு, கழுத்து சிவப்பு, நடுவில் கருநீலமாய் ஒரு பட்டை, மறுபடியும் சிவப்பு, வால் நுனி கறுப்பு. ஓடும்போது தேளைப்போல் வாலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. அவள் எழுந்து கிட்டே போகும்போதே, அந்தக் கருநீலப் பட்டை இரண்டாகத் திறந்தது. அதற்குள் மடித்து வைத்திருந்த இறக்கையை விரித்து, அவள் முகத்துக்கு நேரே பறந்து வந்தது.

பாஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எறும்பென்று நினைத்தது பறக்கிறதே என்பதைவிட, இது இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள்தான் பறந்துகொண்டிருந்ததா என்பதுதான் அவளை உலுக்கியது. அது மறுபடி சுவரில் உட்கார்ந்ததும் காலண்டர் தாளால் ஏந்தி, பாட்டிலில் தள்ளி மூடினாள்.

மறுநாள் காலை டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இதேதான். அக்கி இல்ல, பயப்படாதீங்க. இறக்கை மூடி பாதி உடம்புக்குத்தான் இருக்கும், பறக்கும்னே யாரும் நினைக்க மாட்டாங்க. வண்டு ஜாதி. மழைக்கு வயல்லேர்ந்து வெளிச்சத்துக்கு வரும்.”

“கடிச்சிடுச்சா மேடம்?”

“இது கடிக்காதும்மா.”

“அப்போ கொட்டிடுச்சா?”

“கொட்டவும் கொட்டாது. மேல ஊர்ந்துட்டுப் போனா ஒண்ணுமே பண்ணாது.” டாக்டர் பாட்டிலைக் கீழே வைத்தார். “அடிச்சு நசுக்கினாத்தான். அதோட ரத்தம் பட்ட எடமெல்லாம் பொசுங்கிப்போகும். அன்னிக்கு இல்ல, ஒரு நாள் கழிச்சுதான் தெரியும். கண்ணையும் அந்தக் கையால துடைச்சீங்களா?”

பாஞ்சாலை மகளின் கன்னத்தைப் பார்த்தாள். மூன்று கோடுகள். தன் விரல்களைப் பார்த்தாள்.

“என் கைக்கு ஒண்ணும் ஆவலியே” என்றாள்.

டாக்டர் அவள் உள்ளங்கையை விரித்து, காய்த்த தோலை ஒரு விரலால் தட்டினார். “இதுக்குள்ள எதும்மா போகும்?”

பூச்சி கடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கலியமூர்த்தி கேட்டதற்கு இப்போது பதில் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். அவனும் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜாவின் கண் திறந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் படித்தாள். கண்ணுக்குள் ஒன்றுமில்லை, கன்னத்துக் கறுப்பு மறைய மட்டும் சில மாதம் ஆகும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அதே கண்டக்டர். அவளைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பூஜாவின் கழுத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. சாதாரண ஈதான். பாஞ்சாலையின் கை எழுந்தது. அதைப் பார்த்த பிள்ளை இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

பாஞ்சாலை அந்தக் கையை இறக்கித் தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு மகளின் கழுத்தருகே குனிந்து, வாயைக் குவித்து மெல்ல ஊதினாள்.