பெருமாளுக்கு ஒரு பெல்ட்

டெக்சஸ் தமிழர்களிடையே என்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. நாலு புத்தகம் படித்தவன் என்பது ஒன்று. பெருமாளைக் கட்டிப்போட்டவன் என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்டால் கொஞ்சம் கூச்சப்படுவேன். இரண்டாவதற்குக் கூசமாட்டேன். இன்னொரு சந்தர்ப்பம் வாய்த்தாலும் கட்டுவேன், ஒரு பெல்ட் கூடுதலாகவே போடுவேன்.

இரண்டாயிரத்து இரண்டில் ஹூஸ்டனில் நான் வேலை பார்த்த எனர்ஜி கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைக்கப்பட்டதில் நானும் அடக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்திருந்ததால் ஊருக்கு மூட்டை கட்டவேண்டிய அவசியம் இல்லை. அதற்குப் பதிலாக மூட்டை கட்டுவதே உத்தியோகமாகிவிட்டது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு கிடங்கு வைத்திருந்தார். பொன்னி அரிசி, எவர்சில்வர் பாத்திரம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் எல்லாம் கப்பலில் வந்து அங்கே இறங்கி, டெக்சஸ் முழுக்க உள்ள இந்தியக் கடைகளுக்குப் போகும். எல்லோருக்கும் அவர் பாய். அவரிடம் ஷிப்பிங் பார்க்கும் ஆளாகச் சேர்ந்தேன். நாங்கள் குடியிருந்த கேட்டி என்ற புறநகரில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் யாராவது விசாரித்தால் என் மனைவி, "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கார்" என்பாள். பொய்யில்லை. அந்த லாஜிஸ்டிக்ஸுக்கு இரும்பு மூக்கு வைத்த ஷூவும், முதுகில் வியர்வைப் படமும் உண்டு என்பதை மட்டும் சொல்லமாட்டாள். நான் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போய், வாசலில் மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவே எல்லோர் கண்ணிலும் படும்படி கழற்றிவைப்பேன்.

கிடங்கின் பின்சுவர் நெடுகக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு டிரெய்லர் தன் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்குப் பெயர் டாக். ஃபோர்க்லிஃப்ட்டில் சரக்கை உள்ளே கொண்டுபோய் அடுக்கி, கதவைச் சாத்தி, வெட்டினால்தான் திறக்கும் சீல் ஒன்றை மாட்டினால் வண்டி கிளம்பலாம். சீல் இல்லாமல் எந்த டிரைவரும் நகரமாட்டார். அந்த சீல்கள் என் மேஜை டிராயரில் இருந்தன. என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த அதிகாரம் மொத்தமும் அந்த டிராயருக்குள் அடங்கும்.

அடுக்குவதில் பாய்க்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. "நெருக்கி அடைச்சு வைங்க தம்பி. எடம் இருந்தாத்தானே ஆடும்?" சென்னைக்குக் கிளம்பும்போது பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூடுகிற நம் இனத்துக்கு இது இயல்பான சித்தாந்தம். முதல் கடை வரும்வரை அது உண்மையும்கூட. முதல் கடையில் பாதிச் சரக்கு இறங்கியதும் உள்ளே ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டாகிவிடும். மீதிச் சரக்கு அங்கே விளையாடும்.

டாக்கில் என் கூட்டாளி எல் சால்வடாரிலிருந்து வந்தவர். ஏறக்குறைய என் வயது, என்னைவிடத் தலைமுடி அதிகம். பாயிடமிருந்து மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றிருந்தார்: கட்டு, இழு, போதும். மூன்றாவதை மதியச் சாப்பாட்டின்போது மட்டும் பயன்படுத்தமாட்டார். ஒருநாள், பாதி இறக்கிவிட்டுத் திரும்பிவந்த ஒரு டிரெய்லரின் கதவை அவர் திறந்தார். உள்ளே கிரைண்டர் பெட்டிகள் கதவின்மேல் சாய்ந்துகொண்டு அதற்காகவே காத்திருந்தன. ஒன்று நேராக அவர் கால்மேல் இறங்கியது. ஷூவின் இரும்பு மூக்கு நசுங்கியது, விரல் தப்பியது. அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து அடுத்த கதவைத் திறக்கப் போனார். நான்தான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் அந்த ரகக் கிரைண்டரில் அரைத்த மாவில்தான் அன்று காலை நான் இட்லி தின்றிருந்தேன்.

அன்றைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். எந்தச் சரக்கானாலும் டிரெய்லரின் பக்கச் சுவர்களில் ஓடும் தண்டவாளத்தில் பெல்ட்டைக் கோத்து, ராட்செட் கைப்பிடியை முறுக்கி இறுக்கவேண்டும். கையால் இழுத்தால் அசையக்கூடாது. கடைசி வரிசைக்குப் பின்னால் குறுக்கே இரும்புக் கம்பி. வந்த வண்டியைத் திறப்பவர் வலது கதவை மட்டும் முதலில் திறந்து, அதன் மறைவிலேயே நிற்கவேண்டும். இவை நடக்காத வண்டிக்கு சீல் கிடையாது.

பாய் ஒரு வாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டாக்கில் நடந்தார். "ஒரு வண்டியக் கட்டி முடிக்கறதுக்குள்ள நான் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்துரலாம் போல தம்பி."

"போயிட்டு வாங்க பாய். வர்றப்ப இவர் ரெண்டு காலோட இருப்பார்."

ஆனால் வேடிக்கை என்னவென்றால், கட்டுவதற்குப் பிடித்த நேரம் இறக்கும்போது திரும்பிவந்தது. முன்பெல்லாம் சிதறிய அரிசி மூட்டைகளைப் பொறுக்கி மறுபடி பலகையில் அடுக்கவே கடைக்காரர்களுக்கு அரைநாள் போகும். இப்போது ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போனால் எல்லாம் விட்ட இடத்தில் நின்றன. நசுங்கிய இட்லிக் குக்கரைப் பற்றிய போன்கள் நின்றன. பாய் தன் சித்தாந்தம் தோற்றதாக ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் பேசாமல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையப் புதுப் பெல்ட்டுகள் வாங்கிப் போட்டார்.

அப்புறம்தான் பெருமாள் வந்தார்.

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. மூலவரை மாமல்லபுரத்தில் செதுக்கி மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றியிருந்தார்கள். நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டவர், பிரயாண நிமித்தம் கிடந்த கோலத்தில் வந்து சேர்ந்தார். துறைமுகத்திலிருந்து எடுத்து எங்கள் டிரெய்லரில் டாலஸ் அனுப்பிவைக்க பாய் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயில் கமிட்டித் தலைவர் நாலு தொண்டர்களோடு வந்து இறங்கினார். தலைவர் இதய நோய் டாக்டர், மயிலாப்பூர்க்காரர். தொண்டர்கள் மென்பொருள் எஞ்சினியர்கள், டாலஸின் ஃபிரிஸ்கோ, ஆலன் புறநகர்ப் பிள்ளைகள், வேட்டி கட்டியிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்த்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

பெட்டியை ஏற்றியாயிற்று. சால்வடார்க்காரர் பெல்ட்டோடு உள்ளே போனார். டாக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"என்ன ஸார் இது? பெருமாள் மார்மேல பெல்ட்டா? கைதியைக் கொண்டுபோற மாதிரி?"

"பெட்டிமேல டாக்டர். பெருமாள் உள்ள இருக்கார்."

"அதான் சொல்றேன், உள்ள இருக்கார்."

"நீங்க கார்ல பெல்ட் போடறீங்களா?"

"நான் மனுஷன்."

"கதவைத் தொறந்து உள்ள போய் இறக்கப்போறவரும் மனுஷர்தான். பெருமாள் வழுக்கினா அவர் கால் போயிடும்."

டாக்டர் சால்வடார்க்காரரைப் பார்த்தார். அவர் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் மாலையோடு நிற்கிறவர்போலப் பொறுமையாக நின்றிருந்தார். டாலஸில் டாக் கிடையாது. இறக்கும்போது இவர்தான் டிரெய்லருக்குள் ஏறிப் பெட்டியைச் சக்கரத் தள்ளுவண்டியில் தூக்கி வாசல்வரை தள்ளிக்கொண்டு வரவேண்டும்; அங்கிருந்து கிரேன் எடுத்துக்கொள்ளும்.

"பெருமாள் நகரமாட்டார்" என்றார் டாக்டர். அப்புறம் அது விஞ்ஞானமாக இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். "சரி, ஒண்ணு பண்ணலாம். இவா நாலு பேரும் உள்ளயே உக்காந்து பெட்டியைப் பிடிச்சிண்டு வருவா. சஹஸ்ரநாமம் சொல்லிண்டே வரட்டும். நாலு மணி நேரம்தானே?"

தொண்டர்கள் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அவர்களில் யாருக்கும் டிரெய்லருக்குள் ஏறிப் பழக்கம் இல்லாவிட்டாலும், ஊரில் டெம்போவின் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு போன அனுபவம் நிச்சயம் இருந்திருக்கும். நம்மில் யாருக்குத்தான் இல்லை? லாரியில் சாமான் ஏற்றினால் மேலே ஆள் ஏறி உட்காரவேண்டும் என்பது நம் ரத்தத்தில் உள்ளது. ஆனால் இது ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டி. ஃப்ரீவேயில் டிரைவர் ஒருதரம் பிரேக்கை மிதித்தால், பெருமாளுக்கும் முன்சுவருக்கும் நடுவில் நாலு எச்-ஒன் விசாக்கள்.

நான் டிராயரைத் திறந்து, அந்த வண்டிக்கான சீலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

"ஆளு உள்ள போகமுடியாது டாக்டர். பெல்ட் இல்லாம பெருமாளும் போகமுடியாது."

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வண்டி கிளம்பணும்."

"மெட்ராஸ்ல ராகுகாலம் முடிஞ்சு ராத்திரியே ஆயிடுச்சு. பெருமாள் அங்கேருந்துதானே வரார்?"

டாக்டர் பாயின் பக்கம் திரும்பினார். "நீங்க முதலாளியா, இவர் முதலாளியா?"

பாய் என்னை ஓரமாக இழுத்துப்போனார். அவர் நெற்றியில் வியர்வை. "தம்பி, இவரு பேச்சைக் கேக்கற கடை எத்தனை இருக்கு தெரியுமா? கமிட்டி முழுக்க நம்ம கஸ்டமருங்க. விட்டுருங்களேன்."

"நீங்க சொல்லுங்க பாய், கட்டவேண்டாம்னு. சீலைக் கையில தந்துட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன்."

"கட்டவேணாம்னு சொன்னா அந்த ஆளு காலு போகும். கட்டுன்னு சொன்னா, சாமியக் கட்டச் சொன்னான் துலுக்கன்னு ஆயிரும். இந்த ஊருல, இந்த நேரத்துல. நான் எதையும் சொல்லமுடியாது தம்பி."

அவர் சொன்னது நியாயம். செப்டம்பர் பதினொன்றுக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அவர் கிடங்கு வாசலில் அமெரிக்கக் கொடியைக் கொஞ்சம் பெரிதாகவே பறக்கவிட்டிருந்தார்.

"அப்ப பெருமாள் இங்கயே இருக்கட்டும் பாய். மூணாம் நம்பர் டாக்ல ஒரு விளக்கேத்திடலாம். பொன்னி அரிசி இருக்கு, கிரைண்டர் இருக்கு, தளிகைக்குக் குறைவில்ல."

"யா அல்லாஹ், வேணாம்ப்பா" என்றார் பாய்.

இது டாக்டர் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. நான் அவரிடம் போய்க் கடைசியாக ஒன்று சொன்னேன். "மயிலாப்பூர்ல உற்சவர் புறப்பாடு பாத்திருப்பீங்க. தோளுக்கினியான் பல்லக்குல பெருமாளை எப்படி நிக்க வைக்கிறாங்க? கயிறு போட்டுக் கட்டித்தானே? மாலை மறைச்சிருக்கும், நமக்குத் தெரியாது. தூக்கறவன் ஒருத்தன் தடுக்கினா மத்தவங்க தலைல விழக்கூடாதுன்னு கட்டறாங்க. யாரும் அதைக் கைதின்னு சொல்றதில்ல."

"அது கயிறு" என்றார் டாக்டர். "இது பெல்ட்."

சொல்லிவிட்டுக் கார் டிக்கியிலிருந்து ஒரு பட்டு வஸ்திரத்தை எடுத்துவந்தார். "இதைப் பெட்டிமேல போட்டுட்டு அதுமேல கட்டுங்கோ."

"பட்டு வழுக்கும் டாக்டர். பெல்ட் பெட்டியைப் பிடிக்கணும். முதல்ல பெல்ட். அதுமேல பட்டு."

கட்டினோம். நான் இழுத்துப் பார்த்தேன், சால்வடார்க்காரர் இழுத்துப் பார்த்து "போதும்" என்றார், அதன்பிறகு டாக்டர் பட்டைப் போர்த்தினார். வண்டி ராகுகாலத்தில் கிளம்பியது. கடைசி நிமிடத்தில் தொண்டர்கள் பூஜைக்கு என்று நாலைந்து சாக்குத் தேங்காயை என் கண்ணில் படாமல் கம்பிக்கு வெளியே, கதவோரம் செருகிவிட்டார்கள். கதவைச் சாத்தியபின்தான் எனக்குச் சொன்னார்கள். மறுபடி திறக்கச் சொன்னால் டாக்டருக்கு டாக்டர் தேவைப்பட்டிருக்கும். சால்வடார்க்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன்.

டாலஸ்வரை சால்வடார்க்காரர் என் காரில் வந்தார். வழியில் ஓரிடத்தில் முன்னால் போன டிரெய்லரின் பிரேக் விளக்குகள் திடீரென்று எரிந்து, மொத்த ஃப்ரீவேயும் குலுங்கி நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கோயில் வாசலில் மேளத்தோடு கூட்டம். எல்லோரும் கதவுக்கு நேரே வந்து கைகூப்பி நின்றார்கள். நான் ஒவ்வொருவரையும், டாக்டர் உட்பட, தோளைப் பிடித்து ஓரம் தள்ளினேன். மாமிகள் முறைத்தார்கள். சால்வடார்க்காரர் சீலை வெட்டி, வலது கதவை மெல்லத் திறந்து, அதன் மறைவில் நின்றார். உள்ளேயிருந்து தேங்காய்கள் வந்தன. சாக்கு பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு, ஒரு நிமிடம் முன்புவரை டாக்டர் நின்ற இடத்தில் விழுந்து சிதறின. மேளம் நின்றது. கடைசித் தேங்காய் பார்க்கிங் லாட் நெடுக ஓடி ஒரு மினிவேனுக்கு அடியில் போய் ஒளிந்தது.

உள்ளே பட்டு சரிந்து தரையில் கிடந்தது. பெல்ட்டுக்குக் கீழே பெட்டி ஹூஸ்டனில் வைத்த இடத்தில் இருந்தது. சால்வடார்க்காரர் ஏறிப்போனார், தள்ளிக்கொண்டு வந்தார், இரண்டு காலோடு இறங்கினார்.

"சிதறுகாய் போட்டதா வச்சுக்கலாம்" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

அதற்காக அவர் என்னை மன்னித்துவிடவில்லை. கும்பாபிஷேகத்தன்று சிமென்ட் கொடுத்தவர், பெயின்ட் கொடுத்தவர், அழைப்பிதழில் பெயரைத் தப்பாக அச்சடித்தவர் வரை மேடையேறிச் சால்வை வாங்கினார்கள். டிரெய்லரைப் பற்றிப் பேச்சில்லை. நான் பின்வரிசையில் சால்வடார்க்காரரோடு நின்றிருந்தேன். அவர் புளியோதரையில் மூன்றாம் சுற்றில் இருந்தார்.

மாலையில் உற்சவர் புறப்பாடு, பார்க்கிங் லாட்டைச் சுற்றி. தண்டைத் தோளில் வாங்கி நின்றவர்கள் ஒரே உயரத்தில் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த டாக்டரின் மகன், ஆறடிக்கு மேல், முன்தண்டில். பின்தண்டில் நம் ஊர் உயரம். பெருமாள் இப்போதே பின்பக்கம் சாய்ந்திருந்தார். டாக்டர் தானே கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மாலை போடும் முன்னால் கூட்டத்தைத் தேடிப் பார்த்து, கையை ஆட்டினார்.

"ஸார், இங்க வாங்கோ. இது போதுமான்னு பாருங்கோ."

நான் போய் இழுத்துப் பார்த்தேன். பெருமாள் அசைந்தார்.

"அவுத்துட்டு முதல்லேருந்து கட்டுங்க டாக்டர்."

"எல்லாரும் காத்திண்டிருக்கா. நல்ல நேரம் முடியப்போறது."

"முடியட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் ஹூஸ்டன் டாக் முழுவதும் இருந்தது. நான் நகரவில்லை. தண்டுக்கு அடியிலிருந்து மகன் தலையை நீட்டினான். "டாட், ப்ளீஸ். இட்ஸ் மை ஹெட் அண்டர் திஸ்."

டாக்டர் முடிச்சை அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, வாய் நிறையப் புளியோதரையோடு, எல் சால்வடார்த் தமிழ் ஒன்று கேட்டது.

"இழு, டாக்டர். இழு."

அவர் இழுத்தார்.