குண்டானுக்குள் போன மணி

வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வந்துகொண்டிருந்த சமயம். கடலூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தேன். மணி அடிப்பதும் என் வேலைதான். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் எதிரில் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். வகுப்பு நடக்கும்போது வாசற்படியைக்கூட மிதிக்க மாட்டேன்.

சிதம்பரத்திலிருந்து பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்தாள். ஏழாம் வகுப்புக்கு ஓர் இங்கிலீஷ் பாடம் எடுத்துக் காட்டுவதுதான் அவளுக்குப் பரீட்சை. வெளியூர் ஐயா ஒருவர் வந்து பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார்.

நிச்சயமாகத் தெரியாததை எப்படிச் சொல்வது என்பது பாடம். இருக்கலாம் என்றால் 'மே பி'. சந்தேகம் ஜாஸ்தி என்றால் 'மைட் பி'. கையில் அத்தாட்சி இருந்து, அதுவாகத்தான் இருக்கணும் என்றால் 'மஸ்ட் பி'. சமையல்கட்டு வாசலில் நின்று எனக்குச் சொல்லிச் சொல்லியே அவள் பாடத்தைத் தேய்த்தாள்.

ஒத்திகைக்கு என் குண்டான் ஒன்றை மூடி மேசைமேல் வைத்து, உள்ளே என்ன இருக்கலாம் என்று கேட்டாளாம். "சாம்பார் சாதம் டீச்சர், இன்னிக்கு முட்டை கெடையாது" என்றதாம் மொத்த வகுப்பும்.

"இதுங்களுக்குச் சந்தேகமே வரமாட்டேங்குது ஆயாம்மா. நான் ஃபெயிலுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடுகு வெடிக்கிற சத்தத்துலயே அதுங்க கண்டுபுடிச்சிடும். பரீட்சை அன்னிக்கு நான் எதையாவது உள்ள போட்டு மூடித் தரேன் டீச்சர். என்னான்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

"எனக்குமா?"

"உங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிடுங்க அதுங்க."

அன்றைக்குப் பார்த்து அடியோடு மறந்துவிட்டேன். பீரியடு மணி அடித்துவிட்டு வந்தால், குண்டானுக்காக டீச்சர் வாசலில் நிற்கிறாள். அவசரத்தில் கையில் இருந்ததையே கந்தல் துணியில் சுற்றி, உள்ளே போட்டு, மூடிக் கொடுத்தேன்.

தட்டு கழுவுகிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"இட் மே பி மாங்கா."

"இட் மைட் பி பாம்பு."

"பாம்பு டொக்கு டொக்குங்குமாடி லூசு?"

டீச்சர் நிஜமாகவே முழித்தாள். ஐயா எழுந்து வந்து குலுக்கி, மோந்து பார்த்துவிட்டு, கல்லாக இருக்கலாம் என்று இங்கிலீஷில் சொன்னார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் வந்தது. ஓடினேன். தண்டவாளத் துண்டு தொங்குகிறது, அடிக்கிற இரும்பைக் காணோம். தேடுவானேன், குண்டானுக்குள் போட்டவளே நான்தானே.

உள்ளே போய்க் கேட்கக் கால் வரவில்லை. பரீட்சையைக் கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்கிறேன், கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வருகிறது. தலைமை ஆசிரியை வந்துவிட்டார். "ஏம்மா, இன்னும் பெல் அடிக்கல?" வகுப்பைக் கையால் காட்டினேன்.

ஜன்னலோரப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், எனக்குப் பசிக்குது, இன்னும் பெல் அடிக்கல. ஆயா வெறுங்கையோட நிக்குது. இட் மஸ்ட் பி பெல் அடிக்கிற இரும்பு."

ஐயா மூடியைத் திறந்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மஸ்ட் பிக்கு இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்று டீச்சரிடம் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்கம்மா, வந்து வாங்கிக்கிங்க" என்றார்.

வகுப்பே கைதட்ட, படியை மிதித்து உள்ளே போய் வாங்கி வந்தேன். அந்தச் சந்தோஷத்தில் எண்ணாமல் அடித்ததில், அது வீட்டுக்குப் போகிற மணியாகிவிட்டது. ஒண்ணாம் வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுவரை போய்விட்டது.

பாஸானதும் டீச்சர் சிதம்பரத்திலிருந்து மூடிய தூக்கு ஒன்றோடு வந்தாள். "என்னன்னு சொல்லுங்க ஆயாம்மா." கத்தரிக்காய் கொத்சு வாசனை தெருமுனையிலேயே வந்துவிட்டது. இருந்தாலும் தூக்கைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, "இட் மைட் பி பாம்பு" என்றேன்.