அண்ணன் வீட்டு மாமரத்துக் கூடு

என் மனைவிக்கு இரண்டு வேலை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். அதற்குச் சம்பளம் உண்டு. மற்ற நேரமெல்லாம் தேனீ. அதில் கிடைப்பது வீக்கம், அதுவும் பெரும்பாலும் எனக்கு. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட இடமில்லை, அத்தனை பெட்டிகள். யார் வீட்டு மரத்தில் கூடு இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும், மருந்தடித்துக் கொன்றுவிடுவார்களே என்று பதறிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஏணி பிடிக்க நான். தெருவில் அவள் தேனீக்காரம்மா, நான் ஏணிக்காரர்.

அவளைக் கேலி செய்வதில் முதல் ஆள் அவளுடைய அண்ணன். "பூச்சி மேய்க்கிறவளைக் கட்டிக்கிட்டு நீங்க படற பாடு இருக்கே மாப்ள" என்பார். அவர் இருப்பது அம்மா விட்டுப்போன வீடு, இருவருக்கும் பொது. பின்பக்கம் பெரிய மாமரம். அதன் பொந்தில் தேனீக்கூடு. இவள் முதன்முதலில் தேனீயை உட்கார்ந்து பார்த்தது அங்கேதான்.

கார் நிறுத்த இடம் வேண்டும், மரத்தை வெட்டலாம் என்றார் அண்ணன். இவள் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். அவர் சத்தமில்லாமல் ஆள் கூட்டிவந்தார். மெஷின் சத்தம் கேட்டதும் தேனீக்கள் கிளம்ப, வந்தவர்கள் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். விஷயம் தெரிந்து இவள் போய் நின்றபோது, "தப்புதான். இனிமே உன்னைக் கேக்காம ஒரு கிளையக்கூடத் தொடமாட்டேன்" என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார்.

"உங்க அண்ணியக் கொட்டிடுச்சும்மா. முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. மருந்தடிச்சிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் மனசு வரல. நீ வந்து எடுத்துட்டுப் போயேன்."

போனை வைத்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனசு வரலங்கறாருங்க எங்கண்ணன்!" அன்று பூராவும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் போனோம். அண்ணி படுத்திருப்பதாக அண்ணன் சொன்னார், நாங்களும் தொந்தரவு செய்யவில்லை. இவள் புகை காட்டி, பொந்திலிருந்து தேனடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துப் பெட்டிக்குள் வைக்கிற மரச்சட்டத்தில் நூலால் கட்டினாள். ராணியைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டாள். பொந்தைக் களிமண்ணால் அடைத்து, அதன் வாயருகிலேயே பெட்டியைக் கட்டினாள்.

"இனிமே கொட்டாதா?" என்று கேட்டார் அண்ணன்.

"பொந்துல காக்கறதுக்கு இப்ப என்ன இருக்கு? சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும். பூவுக்குப் போனதெல்லாம் சாயங்காலம் இந்த இடத்தத் தேடித்தான் வரும். வந்ததும் பெட்டிய மூடி எடுத்துக்கறேன். அதுவரைக்கும் அசைக்காத அண்ணா."

"நான் பாத்துக்கறேன். நீ கடைக்குப் போ."

சாயங்காலம் போனபோது மரம் இல்லை. மரத்தூளும் அடிமரமும்தான் மிச்சம் இருந்தன. பெட்டி பத்திரமாகத் துணி துவைக்கிற கல்லின்மேல் இருந்தது. பொந்து இருந்த உயரத்தில், வெறும் காற்றில், தேனீக்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. எனக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்கலாம் போல் இருந்தது.

"உனக்குத் தேனீதானே முக்கியம்? அதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் அண்ணன்.

அப்போது அண்ணி வெளியே வந்தார். முகம் எப்போதும் போல் இருந்தது.

"வீக்கம் வத்திடுச்சா அண்ணி?" என்று இவள் கேட்டாள்.

"என்ன வீக்கம்? நான் அந்தப் பக்கமே போறதில்லையே."

அண்ணன் தரையைப் பார்த்தார். இவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. சமையலறை ஸ்டூலை வாங்கி வந்து அடிமரத்தின்மேல் போட்டாள். சாய்க்க எதுவும் இல்லாததால் ஏணி உதவாது. நான் ஏறி நின்று, பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். ஒன்றிரண்டாகத் தேனீக்கள் பெட்டியின் வாசலில் வந்து இறங்கத் தொடங்கின. பெட்டி கனத்தது.

"எறங்குங்க மாப்ள, நான் கொஞ்ச நேரம் பிடிக்கறேன்" என்று கையை நீட்டினார் அண்ணன்.

"வேணாம்" என்றாள். "மருந்தே அடிச்சிருக்கலாம் அண்ணா. கூடு மட்டும்தான் செத்திருக்கும்."

அவர் கையை இறக்கிக்கொண்டார். இவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஆடாம நில்லுங்க" என்றாள் என்னிடம். "இன்னும் வருது."