பின்னறைக்குப் போன வயர்

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொன்னதைக் கேட்டுக் கண் காது மூக்கு வைத்து எழுதவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "அதுக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆள் நான். இப்போது அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறேன்.

2008, ஜூலை மாதம். திருவனந்தபுரத்தில் நேமம் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நானும் என் வீட்டுக்காரர் ஷிஜுவும் மட்டும்தான். ஷிஜுவுக்குக் கழக்கூட்டத்தில் ஷிஃப்ட் வேலை. மத்தியானம் கிளம்பினால் நடுராத்திரிக்கு மேல்தான் திரும்புவார். வீட்டின் பின்னறையை மட்டும் ஓனர் பூட்டி வைத்திருந்தார். பழைய சாமான் கிடக்கிறது என்றார். கிடக்கட்டுமே, நமக்கென்ன என்று விட்டுவிட்டோம்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். காலுக்கடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். சொன்ன பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற ஆணை என் வாழ்க்கையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். பஸ்ஸில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடித்தான் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அதுவும் ஒரு மாதம் பார்ப்போம் என்ற பேச்சில். இரவு எட்டு மணிக்குள் ஃபைல்கள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை போய்விடும். குழந்தை பிறந்த பிறகு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

அதற்காகத்தான் பிராட்பேண்ட் ஸ்பீடைக் கூட்டினோம். பழைய பிளானில் 256 கே.பி. புதியதில் 2 எம்.பி. இனி பறக்கும் என்றார் ஷிஜு.

பறக்கவில்லை. முடங்கிப் போனது.

பகலில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் நான் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்ததும் மோடத்தில் பச்சை விளக்கு அணையும். ஒரு நிமிஷத்தில் வரும். மறுபடியும் அணையும். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், மோடத்தை அணைத்துப் போடுங்கள் மேடம் என்பார்கள். எழுந்துபோய் அணைத்துப் போடுவேன். வீட்டுக்குள் நாலு நடை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். உட்கார்ந்து வேலையில் மூழ்கினால்... திரும்பவும் அணையும்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தால் சரியாகிறது என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அந்த வாரத்தில் இரண்டு தடவை ஃபைல் தாமதமாகப் போனது. சூப்பர்வைசர் பிந்து போன் செய்தாள். "ஜிஷா, எனக்கு உன்னோட நெலமை தெரியும். ஆனா இன்னொரு தடவ லேட்டானா என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது, கேட்டியா?"

அன்றைக்குச் சாயங்காலம் 6.40. மழை. விளக்கு அணைந்தது. ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த லேண்ட்லைன் ரிசீவரை எடுத்தேன். லைனே செத்துவிட்டதோ என்று பார்க்கத்தான்.

டயல் டோன் இல்லை.

ஆனால் செத்த லைன் மாதிரியும் இல்லை. யாரோ போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருப்பது போல... மூச்சு.

"ஹலோ?" என்றேன்.

"ம்... ம்ம்..."

லைன் கிராஸ் ஆகிவிட்டது, எந்த வீட்டுக் கிழவியோ என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "அம்மா, போனை வையுங்க, எனக்கு நெட் கட்டாவுது" என்று எரிந்து விழுந்தேன். நான் ரிசீவரை வைத்ததும் விளக்கு வந்தது.

மறுநாள் நாலரை மணிக்கு லைன்மேன் பினு வந்தார். பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து வாய் ஓயாமல் பேசுகிற ஆள். வெளிக் கம்பத்திலிருந்து வரும் வயரை மாற்றினார். மோடத்தை ஆராய்ந்தார். பிறகு ஹால் சுவரில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சேச்சி, இங்க வேற போன் உண்டோ?" என்றார்.

"இல்லியே. இந்த ஒண்ணுதான்."

"பின்ன இது எங்க போவுது?"

பெட்டியிலிருந்து இன்னொரு வயர் கிளம்பி, கூரையோரமாகச் சுண்ணாம்புக்குள் புதைந்து, பூட்டிய பின்னறைக்குள் போயிருந்தது. இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

"இதுதான் வில்லன்" என்று சிரித்தார் பினு. "ஃபில்டர் இல்லாத்த எக்ஸ்டென்ஷன். அதுல ஆரெங்கிலும் போனை எடுத்தா நெட் கட்டாவும். பழைய பிளான்ல லைன் எப்பிடியோ சமாளிச்சு. ஸ்பீட் கூட்டினதும் தாங்கல."

"ஆரு எடுப்பா? ரூம் பூட்டியில்லா கெடக்கு."

"எலி தட்டி விட்டிருக்கும் சேச்சி." இடுப்பில் தொங்கிய டெஸ்டிங் போனை எடுத்து, அதன் கிளிப்புகளை அந்த வயரில் மாட்டிக் காதில் வைத்தார்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்லப் போனது.

"உள்ள... ஆருமில்ல, இல்லியா?"

"இல்ல. ஏன்?"

பினு கிளிப்பைக் கழற்றினார். "ஓனர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று இழுத்தார்.

எனக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கு நாலு ஃபைல். எட்டு மணிக்குள் போகாவிட்டால் என் வேலை காலி. "ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வெட்டுங்க" என்றேன்.

வெட்டினார்.

மோடத்தில் விளக்கு வந்தது, ஆடாமல் அசையாமல் நின்றது. ஸ்பீடு சோதித்துப் பார்த்தோம். முழுசாக இரண்டு! எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே நிறைந்துவிட்டது. சாயா போடுகிறேன் என்றேன். பினு நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டே, "சேச்சி, ஒற்றைக்கு இருக்காண்டாம். அடுத்த வீட்டுல ஆரையாவது விளிச்சு வச்சுக்கிடுங்க" என்றார். பைக் சத்தம் மழைக்குள் போய் மறைந்தது.

பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். ஃபைல்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கின. விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. வயிற்றில் குழந்தை லேசாகப் புரண்டது. "பாத்தியா, அம்மா ஜெயிச்சுட்டேன்" என்று சொன்னேன்.

7.10. மூன்று ஃபைல் போய்விட்டது. கடைசி ஃபைல். ஏதோ ஓர் ஊர் டாக்டர், ஒரு நோயாளியின் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்...

ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல. கொஞ்சம் நிற்கும். பிறகு...

சர்ர்ர்...

அந்த ஆஸ்பத்திரியில் யாரோ தரை துடைக்கிறார்கள் போல என்று டைப் அடித்துக்கொண்டே இருந்தேன்.

7.22. ஒரு மருந்தின் பெயர் புரியவில்லை. டிக்‌ஷனரி பார்க்கப் பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

டாக்டர் நின்றார்.

சர்ர்ர்...

அது நிற்கவில்லை.

என் விரல் கீபோர்டில் அப்படியே இருந்தது. பெடலைப் பார்த்தேன். கால் அதில் இல்லை. ஹெட்போனில் ஒன்றும் ஓடவில்லை.

சர்ர்ர்... சர்ர்ர்...

பின்னால்.

தைல வாசனை. வெகுநாள் படுக்கையில் கிடந்தவர்களிடம் வருமே... தைலமும் பவுடரும் மூத்திரமும் கலந்த அந்த வாசனை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் மட்டும் அசைந்தது.

சத்தம் நின்றது.

மழை.

பிறகு என் நாற்காலி... மெல்ல... பின்னால் சாய்ந்தது.

யாரோ அதைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பது போல.

"ம்... ம்ம்..."

கடைசி ஃபைலில் பாதிதான் முடிந்திருந்தது. என் கை எப்படி அதை அனுப்புகிற பொத்தானை அமுக்கியது என்று தெரியாது. ஹெட்போன் கழுத்தில் தொங்க, செருப்பில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பொன்னம்மை அக்கா கதவைத் திறந்ததும் அவர் மேலேயே சரிந்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது என்றார். எனக்குக் குளிர்ந்ததுதான் நினைவிருக்கிறது.

ஷிஜு வந்து வீடெல்லாம் பார்த்தார். பின்னறைப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஹாலில் ஒன்றுமில்லை. என் நாற்காலி மட்டும் மல்லாந்து கிடந்தது. நான் எழுந்து ஓடிய வேகத்தில் விழுந்திருக்கும் என்றார் அவர். இருக்கலாம்.

மறுநாள் காலை பிந்து கூப்பிட்டாள். கடைசி ஃபைலின் மீதியை அவளே அடித்து அனுப்பிவிட்டாளாம். "இப்பிடித்தான் இருக்கணும், மூணு ஃபைலும் நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டு. உனக்கு வேலை உறுதி, ஜிஷா." எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்து ஓனருக்குப் போன் செய்தேன். பெயர் ஞானசிகாமணி, சென்னையில் இருந்தார். ராத்திரி நடந்ததில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிட்டால்? வீடு காலி செய்கிறோம் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதோடு, பின்னறைக்குப் போகிற போன் வயரை வெட்டிவிட்டோம் அண்ணே என்றும் சொன்னேன்.

மறுமுனையில் அவர் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆரு வெட்டச் சொன்னா?"

"நாந்தான்."

"ஏழு வருசமாச்சு..." என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "எங்க அம்மைக்குப் பக்கவாதம். பேச்சு போச்சு. காலு ரெண்டும் போச்சு. அந்த ரூம்லதான் கெடந்தா. எனக்கு ராத்திரியில கம்ப்யூட்டர் வேலை. நீ மேசை போட்டிருக்கிற எடத்துலதான் நானும் இருப்பேன், போன் பாயிண்ட் அங்கதானே உண்டு. அப்ப டயல்-அப் நெட். வேற போனை எடுத்தா நெட் கட்டாவும். அதனால நானே ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து அவ கைப்பக்கம் வச்சேன். 'ஏதாவது வேணுமின்னா போனை எடு அம்மா, என் நெட் கட்டாவும், நான் ஓடி வந்திருவேன்'னு சொன்னேன். ரெண்டு வருசம் அப்பிடித்தான் என்னைக் கூப்பிட்டா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஒரு நாளு அவசர வேலை. எடுத்து எடுத்து வச்சா. மூணு தடவ போய்ப் பாத்தேன். ஒண்ணும் வேண்டாம், சும்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தா. நாலாவது தடவ நெட் போனப்ப... வயரைப் பிடுங்கிப் போட்டுட்டு ஹெட்போனை மாட்டிட்டேன்."

அவர் அழுகிறார் என்று தெரிந்தது.

"விடிஞ்சு வேலை முடிஞ்சு எந்திரிச்சேன். எனக்குப் பொறத்தால, நாற்காலிக்குப் பின்னால தரையில கெடந்தா. உயிரில்ல. ரெண்டு வருசமா கட்டில்ல திரும்பிக்கூடப் படுக்க முடியாதவ... அந்த ரூம்லேருந்து ஹால் வரை எப்பிடி வந்தான்னு டாக்டருக்கும் தெரியல. பிடுங்கின வயரை அன்னைக்கே திரும்ப மாட்டுனேன், பிறவு ஆரையும் தொட விடல."

பிறகு அவர் கேட்டார்.

"உன் நாற்காலிய இழுத்தாளா?"

அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"ஆமா அண்ணே."

"நீ திரும்பிப் பாத்தியா?"

"இல்ல. பயந்து ஓடிட்டேன்."

"எனக்கும் இழுத்தது தெரிஞ்சுது பிள்ளே" என்றார் ஞானசிகாமணி. "இந்த ஃபைல் முடியட்டும்னு நான் திரும்பல."