ஷேர் ஆட்டோவே கூட வந்து பார்த்த ஈசிஜி

இன்று காலை அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போன ஷேர் ஆட்டோவில், நெஞ்சில் ஊசி குத்தியதுபோல் சுருக்கென்று வலி. கத்திவிட்டேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அக்கா, "கேஸுதாம்பா, பயப்படாத" என்றார்.

எதிரில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தவர், "இன்னாக்கா பேசுற? இது சுளுக்கு!" என்றார்.

ஹார்ட்டாக இருக்குமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, ஆட்டோ இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

டிரைவர் நேராக ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "ரிசல்ட் தெரியாம வண்டி நவுராது" என்றார். ஒருவர்கூட வேறு ஆட்டோ பிடிக்கவில்லை. எல்லோரும் என்னோடு உள்ளே வந்தார்கள்.

ஈசிஜி நார்மல். டாக்டர் விலா எலும்பை அழுத்தினார், மறுபடி கத்தினேன்.

"நேத்து வெயிட் ஏதாவது தூக்குனீங்களா?"

"மாடிக்குத் தண்ணி கேன் தூக்கினேன் சார்."

"அதான். தசைப்பிடிப்பு. ஹார்ட் இல்ல."

யூனிஃபார்ம்காரர் விசிலே அடித்துவிட்டார்.

பூக்கார அக்கா விடவில்லை. "இன்னொரு தபா நல்லா பாரு டாக்டரு. கொஞ்சமாச்சும் கேஸு கீதா?"

டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "அதுவும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது சிரித்தால் மட்டும் வலிக்கிறது. நீங்கள் எந்தக் கட்சி என்று கமெண்டில் சொல்லுங்கள். தயவுசெய்து சீரியஸாகச் சொல்லுங்கள்.