'வராத வள்ளம்' பாடியவர்

கையில் திருகுசாவி, கண் கடலில். கழற்றிப் போட்ட இயந்திரத்தைக் குனிந்து பார்ப்பார். உடனே நிமிர்ந்து கடலைப் பார்ப்பார். குருநகர்க் கரையில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிற செல்வரட்ணம் அண்ணையை விடியக்காலையில் இப்படித்தான் காணலாம். தம்பி ஜெறோமின் வள்ளம் வந்து சேரும்வரை தேத்தண்ணி குடிக்கமாட்டார். நீட்டினால், "வை, வை. அவன் வரட்டும்" என்பார். ஆறிப்போன தேத்தண்ணியில் எறும்பு மிதக்கும்.

பதினொரு வருசத்துக்கு முன் ஜெறோம் கடலில் காணாமற்போனார். அவருடைய எண்ணெய்க் கலனும் தொப்பியும் மட்டும் கரையொதுங்கின. அவர் கொண்டுபோன வள்ளத்தின் இயந்திரத்தைத் திருத்திக் கொடுத்தவர் அண்ணைதான்.

அழுது ஓய்ந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்தோம். அன்றைக்குப் படம் போட்ட நினைவு மலர் கொடுப்பது வழக்கம். அண்ணைக்கு எழுத்து வரவில்லை, பாட்டு வந்தது. கோயில் கிற்றாரை இரவல் வாங்கி, கலியாண வீடியோக் கடையின் பின்னறையில் எட்டுப் பாட்டுப் பதிந்து, உறையில் தம்பியின் படம் போட்டு இறுவட்டாகக் கொடுத்தார். பெயர் 'வராத வள்ளம்'. ஒரு கிற்றார், தவக்கால ஒப்பாரிபோல இழுக்கிற ஒரு குரல், அவ்வளவுதான். ஐந்தாவது பாட்டின் நடுவே தெருவால் போன மீன்காரரின் ஹோர்ன் கேட்கும். இன்று அதைப் பாடுகிற கோப்பாய் இளசுகள் அந்த இடத்தில் வாயாலேயே ஹோர்ன் அடிக்கிறார்கள்.

எழுபதாம் நாள் ஜெறோம் வந்திறங்கினார். இயந்திரம் நின்று, அக்கரையில் இந்தியாவில் ஒதுங்கி, மறியல் சிறையில் கிடந்திருக்கிறார். ஆண்டவருக்கு நன்றி, ஆள் திரும்பினார். பாட்டைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை. பஸ்ஸில் போகிறது, வெளிநாட்டில் போகிறது, உடுப்பிட்டியில் ஒரு சைவச் செத்தவீட்டிலும் போனதாம்.

"என்னைப்போல வடிவா ஆரும் செத்திருக்கமாட்டினம் அண்ணை" என்று ஜெறோம் பகிடி விடுவார். அண்ணை சிரிக்கமாட்டார். "உசிரோடை இருக்கிறவனுக்குச் செத்தவீட்டுப் பாட்டுப் பாடிப்போட்டன். கடல் அதைக் கேட்டுக்கொண்டெல்லோ இருக்குது" என்பார். அதன் பிறகு கிற்றாரைத் தொடவில்லை. கரையில் அந்தப் பாட்டைப் போடவும் விடமாட்டார்.

போன சனிக்கிழமை ஒன்பது மணியாகியும் ஜெறோமின் வள்ளத்தைக் காணவில்லை. மனைவி யசிந்தா செபமாலையோடு வந்து நின்றார். மீன் ஏற்ற வந்த றமேஸின் ஓட்டோவில் அதே ஐந்தாவது பாட்டு.

"டேய் றமேஸ், உதை நிப்பாட்டு!"

"உங்கடை பாட்டுத்தானே அண்ணை?"

"என்ரை எண்டபடியால்தான் சொல்லுறன்."

பாட்டு நின்றது. யசிந்தா செபிக்கத் தொடங்கினார், நாங்களும் சேர்ந்தோம். செபமாலையின் நாலாம் பத்து ஓடும்போது தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அண்ணை தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டார்.

"வலை கல்லில சிக்கிட்டுது" என்று ஜெறோம் வள்ளத்திலிருந்தே கத்தினார். "என்ன அண்ணை, முப்பத்தொண்டும் வைச்சிட்டியளோ?"

"வாயைப் பார் வாயை!" என்று யசிந்தா அழுதழுது ஏசினார்.

அண்ணை முதன்முறையாக ஜெறோமின் செத்தவீட்டுப் பகிடிக்குச் சிரித்தார். ஆறிய தேத்தண்ணியை எறும்போடு ஒரே மூச்சில் குடித்தார். ஈரச் சாரத்தோடு ஓட்டோவுக்குள் ஏறி, "போடு, விட்ட இடத்திலயிருந்து" என்றார். பாட்டில் மீன்காரரின் ஹோர்ன் வருகிற இடம் வந்ததும், ஓட்டோவின் ஹோர்னை எட்டி இரண்டு தரம் அமத்தினார்.