முதல் புட்டி என் ரத்தம்

அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். கோவை பீளமேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் மோட்டார் பம்பு செய்யும் பவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை பார்த்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் பெண்ணுக்கு நான்கு.

ஆடி முடிந்ததிலிருந்தே அவர் இளைத்துக்கொண்டு வந்தார். வயிறு மட்டும் உப்பியிருந்தது. கண் மஞ்சளித்திருந்ததால் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அன்று காலை வேலைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டியவர், "வயிறு என்னமோ பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே வாசலில் குனிந்தார். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. கொஞ்சநஞ்சமில்லை, வாசற்படி முழுக்க. பக்கத்து வீட்டுக்காரர் பவுண்டரிக்கு ஓடினார். அங்கிருந்த மேஸ்திரி கம்பெனி லாரியையே கொண்டுவந்துவிட்டார். வேலையாட்கள் பத்துப் பேருக்கு மேல் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் தலை என் மடியில்தான் இருந்தது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னையும் என் மாமியாரையும் தனியே கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கல்லீரல்ல ஒரு கட்டி, கைக்குக் கல்லாட்டம் தட்டுப்படுதும்மா. புத்துநோயாத்தான் இருக்கும். அதை எங்களால எடுக்க முடியாது. ஆனா இப்ப அவரு உயிருக்கு ஆபத்து கட்டியால இல்ல, ரத்தம் போறதால. அதை நிறுத்திப் பார்க்கலாம்."

கல்லீரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் திரும்பி வந்து, உணவுக்குழாயில் இருக்கும் ரத்தக்குழாய்களைப் புடைக்க வைத்து வெடிக்கச் செய்துவிடுகிறதாம். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை விட்டு, உள்ளே அதிலிருக்கும் பலூனை ஊதினால், வெடித்த இடத்தை அது அமுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். போன ரத்தத்துக்கு ஈடாக வேறு ரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் உடனே.

வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்த ஆட்களிடம் மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். ஒருவரும் முன்வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொதிக்கும் இரும்பைத் தூக்குகிற கை அவர்களுடையது. ரத்தம் கொடுத்தால் அந்தக் கை விளங்காமல் போய்விடும், பிறகு பிள்ளைகுட்டிக்கு யார் சோறு போடுவது என்ற பயம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்த பயம்தான்.

நான் நர்ஸிடம் போய், "பொம்பளைங்க குடுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"தாராளமா. குரூப் சேரோணும், அவ்வளவுதான்."

விரலில் குத்திப் பார்த்தார்கள். சேர்ந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங் கண்ணு. அவனும் இல்லாம நீயும் போய்ச் சேந்துட்டீன்னா இந்தப் புள்ளைக்கு ஆரு இருக்கறா?"

"அத்தை, அவரு இருக்கோணும்னுதானுங்க போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

பயம் இல்லாமல் இல்லை. ஊசி குத்தியபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், கண்ணாடிப் புட்டியில் என் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. அவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. முடிந்ததும் எழுந்து, முழங்கையில் கட்டோடு மெதுவாக வெளியே வந்தேன். மரத்தடியில் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

மேஸ்திரி கிட்டே வந்தார். "ஏனுங்க அம்மணி, மயக்கமா வருதுங்களா?"

"இல்லீங்க. பசிக்குதுங்க" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரி லாரியிலிருந்து தன் தூக்குப்போசியை எடுத்துவந்து நீட்டினார். கம்பஞ்சோறும் மோரும். முன்பின் தெரியாத ஆண்கள் முன்னால் உட்கார்ந்து நான் சாப்பிட்டதேயில்லை. அன்றைக்குச் சாப்பிட்டேன், மிச்சம் வைக்காமல். கடைசி வாயை நான் விழுங்குவதற்குள் மேஸ்திரி சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார்.

"ஒரு அம்மணி குடுத்துப்போட்டு சோறு உங்குது. நமக்கென்னடா கேடு? வாங்கடா!"

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். குரூப் சேராதவர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். "நல்லாப் பாருங்க சிஸ்டர், என்ற ரத்தம் சேரும்" என்று ஒருவர் கெஞ்சினார். கடைசியில் மாமியாரும் வந்து விரலை நீட்டினார். "உங்களுக்கு வயசாயிருச்சுங்கம்மா" என்று டாக்டர் சொன்னதில் அவருக்கு ஏகக் கோபம்.

குழாயைப் போட்டு, ரத்தமும் ஏற்றினார்கள். சாயங்காலம் என் கணவர் கண் திறந்தார். குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. என் முழங்கையில் இருந்த கட்டைத் தன் விரலால் தொட்டு, என்ன என்பதுபோலப் பார்த்தார்.

"என்ற ரத்தந்தானுங்க உங்க ஒடம்புல ஓடுது. இனி என்ற பேச்சுக்கு மறுபேச்சுப் பேசக் கூடாது" என்றேன். குழாய்க்கு நடுவிலேயே அவர் உதடு சிரித்தது. அழக்கூடாது என்றிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

ரத்தப்போக்கு நின்றது. குழாயை எடுத்த பிறகும் திரும்பி வரவில்லை. பதினைந்து நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். லாரி அனுப்புகிறோம் என்று சொன்ன கம்பெனிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார். வருகிற வழியில் பவுண்டரி வாசலில் இறங்கினார். உள்ளே எழுந்த ஆரவாரம் ரோடுவரை கேட்டது.

கட்டி இருப்பது அவருக்கும் தெரியும். "இருக்கற வரைக்கும் இருப்போம்" என்பார். தைப் பொங்கலுக்கு வெள்ளகோவில் பக்கம் இருக்கும் அவருடைய தோட்டத்துக்குப் போனோம். அப்போதுதான் அங்கே கரண்டு வந்திருந்தது. அவர் பவுண்டரியில் வார்த்த பம்பைத் தன் கையாலேயே கிணற்றில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். குபுகுபுவென்று பாய்ந்த தண்ணீரில் பெண்ணைத் தூக்கி நிறுத்தி, தானும் நனைந்து, அப்படிச் சிரித்தார். பொங்கல் முடிந்து வந்த சித்திரையில் கட்டி முற்றி, தூக்கத்திலேயே போனார். ரத்தம் கக்கி அல்ல, அவஸ்தைப்பட்டு அல்ல.

தோற்றுத்தானே போனீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அப்பா முகம் இன்றைக்கும் என் பெண்ணுக்கு நினைவிருக்கிறது. நோயைத் தீர்க்க முடியாது என்று டாக்டர் சொன்ன அதே நாளில் அவருக்காகச் செய்ய இன்னும் எவ்வளவோ இருந்தது என்பதை, ஒவ்வொரு முறை அவள் அவரைப் பற்றிப் பேசும்போதும் நான் நினைத்துக்கொள்கிறேன்.